பக்கவாதம் என்றார்கள், இப்போது கட்டி என்கிறார்கள்

உங்கள் அப்பாவின் இடது கை திடீரெனத் துவண்டது, சி.டி. ஸ்கேன் பார்த்துப் பக்கவாதம் என்றவர்கள், 3 வாரம் கழித்து மூளையில் கட்டியாக இருக்கலாம் என்கிறார்கள். முதல் மருத்துவர் தவறிழைத்தாரா என்று கேட்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. பக்கவாதம் நொடியில் தாக்கும், கட்டி மெல்ல வளரும் என்பது பொது விதிதான். ஆனால் கட்டிக்குள் ரத்தம் கசிந்தாலோ வலிப்பு வந்துபோனாலோ அதுவும் ஒரே நாளில் கையை முடக்கிவிடும்.

எனக்கு உறுத்துவது அதற்குப் பிந்தைய 3 வாரம். பக்கவாதம் வந்தவர் பெரும்பாலும் மெல்லத் தேறுவார். உங்கள் அப்பாவோ முதல் வாரம் போட்ட சட்டைப் பொத்தானை இப்போது போட முடியவில்லை, காலையில் தலைவலியோடு எழுகிறார் என்கிறீர்கள்.

ஆகவே சாய மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தக்குழாய் அடைபட்டால் அந்தக் குழாய் ஊட்டும் பகுதிதான் பாதிக்கப்படும், பெரும்பாலும் ஆப்பு வடிவில். கட்டிக்கு அந்த வேலியெல்லாம் கிடையாது. வெண்பொருள் (மூளையில் நரம்பிழைகள் ஓடும் பகுதி) வழியே மூளையின் மறுபக்கத்துக்கும் பரவும். நடுவே கருத்து, ஓரம் ஒழுங்கற்ற வளையமாக ஒளிர்ந்தால் சந்தேகம் வலுக்கும். (சீழ்க்கட்டியும் வளையமாகத்தான் தெரியும், அது வேறு சிக்கல்.) சில வாரங்களான பக்கவாதமும் மூளை மடிப்புகளை ஒட்டி ஒளிரும் என்பதால், ரத்த ஓட்ட ஸ்கேனும் சேர்த்து எடுக்கலாமா என்று கேளுங்கள். வீரியமான கட்டியில் ரத்த அளவு பொதுவாகக் கூடியிருக்கும்.

உறுதி செய்வது திசுப் பரிசோதனைதான். அதற்கு முன் ஸ்டீராய்டு தொடங்குவதாக இருந்தால் நரம்பியல் அறுவை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். லிம்போமா (நிணநீர் அணுக்களில் உருவாகும் புற்றுநோய்) வகைக் கட்டி ஸ்டீராய்டில் சுருங்கி, பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். வாந்தி, மயக்கநிலை, வலிப்பு தெரிந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.