உருது வீட்டுப் பிள்ளைகளின் ஆங்கிலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாணியம்பாடியில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலோர் வீட்டில் உருது பேசுபவர்கள். எளிய நிகழ்கால வாக்கியங்களே அவர்களுக்கு வரவில்லை. எத்தனை முறை திருத்தினாலும் ‘ஹி இஸ் கோ’ என்றே எழுதுகிறார்கள். அக்காவைக்கூட ‘ஹி’ என்கிறார்கள். மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. வகுப்பில் உருது பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நல்ல இலக்கண நூல் ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு நாம் ஆங்கிலம் கற்பிக்கும் விதத்தைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. நூல் எதுவாக இருந்தாலும் போதும், கடையில் கிடைப்பதை வாங்குங்கள். ஆனால் ‘மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது’ என்று எழுதினீர்களே, அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பகலெல்லாம் பள்ளியில் இருந்துவிட்டு மாலையிலும் உங்கள் முன் வந்து உட்காரும் பிள்ளையைப் பற்றி இப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

‘ஹி இஸ் கோ’ என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. ‘அவன் போகிறான்’ என்பது உருதுவில் ‘வோ ஜாதா ஹை’. வாக்கிய முடிவில் வரும் அந்த ‘ஹை’, ஆங்கிலத்தின் ‘இஸ்’ செய்யும் வேலையைப் பல இடங்களில் செய்கிறது. ஆகவே பிள்ளை தன் வாக்கியத்தில் இருக்கும் ஒரு சொல்லை விட்டுவிட மனமில்லாமல், அதற்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடி வைக்கிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். தினமும் போவதற்கு ‘ஜாதா ஹை’ என்றும், இந்த நிமிடம் போய்க்கொண்டிருப்பதற்கு ‘ஜா ரஹா ஹை’ என்றும் உருது பிரித்துச் சொல்கிறது. ஆங்கிலத்தின் ‘கோஸ்’, ‘இஸ் கோயிங்’ என்ற பிரிவும் ஏறக்குறைய அதுவே. தமிழிலோ ‘நான் தினமும் பள்ளிக்குப் போகிறேன்’, ‘நான் இப்போது பள்ளிக்குப் போகிறேன்’ என்று இரண்டுக்கும் ஒரே வினைவடிவம் போதும். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்ற வடிவம் இருந்தாலும் அன்றாடப் பேச்சில் அது கட்டாயம் இல்லை. அந்த வேறுபாட்டைத் தாய்மொழியிலேயே கொண்டுவரும் பிள்ளைக்கு, ‘கோ என்றால் போகிறேன்’ என்று தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுத்து, கையில் இருந்ததையும் நாம் பிடுங்கிக்கொள்கிறோம். ‘ரஹா ஹை’, ‘ரஹீ ஹை’ வந்தால் ‘இஸ்’ வரும். ‘தா ஹை’, ‘தீ ஹை’ வந்தால் ‘இஸ்’ வராது, அதற்கு மாறாக வினையோடு ‘ஸ்’ ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு முறை கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். வீட்டுப் பேச்சில் ‘ரஹா’ தேய்ந்து ‘ரா’ என்று ஒலித்தாலும் பிள்ளைகள் அதை அடையாளம் கண்டுகொள்வார்கள். உருதுவைத் தடை செய்துவிட்டு இதை எப்படிச் சொல்லித் தரப்போகிறீர்கள்?

அக்காவை ‘ஹி’ என்பதும் இதே கதைதான். அவன், அவள், அது மூன்றுக்கும் உருதுவில் ‘வோ’ ஒன்றே. ஆணா பெண்ணா என்பதை ‘ஜாதா’, ‘ஜாதீ’ என்று வினைதான் காட்டும். ஆங்கிலத்தில் அந்த வேலை ‘ஹி’, ‘ஷி’ என்ற சுட்டுப்பெயரிடம் போய்விடுகிறது, வினை பாலைக் காட்டுவதில்லை. இதைச் சொல்லாமல் திருத்திக்கொண்டே இருந்தால் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

ஆம்பூரில் என்னோடு படித்த உருது வீட்டுப் பிள்ளை ஒருவன், தந்தை தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்கிறார் என்பதை ‘மை ஃபாதர் ஒர்க் இன் எ டேனரி’ என்று எழுதினான். ‘ஸ்’ எங்கே என்று கேட்டு ஆசிரியர் அவன் விரல் முட்டியில் அளவுகோலால் அடித்தார். அவன் ஒன்றும் சொல்லாமல் கையை அரைக்கால்சட்டையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். தந்தையைப் பற்றிப் பேசும்போது உருதுவில் மரியாதைக்காகப் பன்மை வினை வரும். ‘கர்தா ஹை’ (செய்கிறான்) என்று சொல்வது மரியாதைக் குறைவு, ‘கர்தே ஹைன்’ (செய்கிறார்) என்றே சொல்ல வேண்டும் என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. பன்மை வந்தால் வினைக்கு ‘ஸ்’ கிடையாது என்று சொல்லிக்கொடுத்தவர் அதே ஆசிரியர்தான். பாடத்தையும் மறக்காமல், தந்தைக்கு உரிய மரியாதையையும் குறைக்காமல் எழுதியவன் அடி வாங்கினான். நாமும் ‘அப்பா போகிறான்’ என்று சொல்வதில்லையே, அது அந்த ஆசிரியருக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

எதிர்மறை வாக்கியத்தை அவசரப்பட்டுத் தொடங்காதீர்கள். ‘வோ நஹீ ஜாதா’ (அவன் போவதில்லை) என்னும்போது உருதுவில் ‘ஹை’ பெரும்பாலும் விழுந்துவிடும். அதே இடத்தில் ஆங்கிலம் ‘டஸ்’ என்ற புதுச் சொல்லைக் கொண்டுவந்து, வினையில் இருந்த ‘ஸ்’ஸையும் அதனிடம் கொடுத்துவிடுகிறது. உடன்பாட்டு வாக்கியங்கள் தயக்கமில்லாமல் வந்த பிறகு அதற்குப் போகலாம்.

உங்களுக்கு உருது தெரியாவிட்டால் குறையில்லை. அம்மா காலையில் என்னென்ன செய்வார் என்று நாளைய வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள். முதலில் உருதுவில் சொல்லட்டும். நீங்கள் அதைத் தமிழ் எழுத்தில் பலகையில் எழுதி, கீழே ஆங்கிலத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ‘ஸ்’ விடுபட்டால் அந்த வாக்கியத்தில் ‘தீ ஹை’ இருந்ததா, ‘தே’ அல்லது ‘தீ ஹைன்’ என்ற மரியாதைப் பன்மை இருந்ததா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு திருத்துங்கள்.

அன்புடன்.