வாய்க்காலின் நடு ஆழம் மட்டும் போதாது

கேள்வி: தம்பலகாமத்தில் எங்கள் கமக்காரர் அமைப்பு வாய்க்காலில் ஓடும் தண்ணீரைக் கணக்கெடுத்தது. நீர்மட்டத்தில் அகலம் 6 மீற்றர், நடு ஆழம் 1.2 மீற்றர். பெருக்கினால் 7.2 சதுர மீற்றர். அதை வைத்து, வாய்க்காலின் குறுக்குவெட்டு, சாய்வு, கரடுமுரடு ஆகியவற்றிலிருந்து ஓடும் தண்ணீரைக் கணிக்கும் மானிங் சமன்பாட்டில் போட்டால் வரும் தண்ணீரில் பாதிகூட வயலுக்கு வருவதில்லை. மேலே உள்ளவர்கள் திருப்புகிறார்கள் என்று சண்டை. எங்கே பிழை?

பதில்: சண்டையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். மண் வாய்க்கால் பெட்டி மாதிரி இருக்காது, கரைப்பக்கம் ஆழம் குறைந்துகொண்டே போகும். நடு ஆழத்தை முழு அகலத்துக்கும் பெருக்கியதுதான் பிழை.

வளைவு இல்லாத, நேராக ஓடும் இடமாகப் பாருங்கள். வளைவில் வெளிக்கரை ஆழமாகவும் உட்கரை மணல் மேடாகவும் கிடக்கும், அங்கே எடுத்த அளவு எதற்கும் உதவாது. நீரோட்டத்துக்குக் குறுக்கே, தொய்யாமல் கயிறு கட்டி, மீற்றருக்கு ஒரு தடவை ஆழம் எடுங்கள். அளவுக்கோலின் அடியில் ஒரு தட்டை பூட்டுவது நல்லது. இல்லையென்றால் கோல் சேற்றில் இறங்கி ஆழத்தைக் கூட்டிக் காட்டும்.

உதாரணத்துக்கு, ஆழங்கள் 0, 0.4, 0.9, 1.2, 1.0, 0.5, 0 என்று வந்தால், அடுத்தடுத்த இரண்டு ஆழங்களின் சராசரியை இடைவெளியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பரப்பு 4.0 சதுர மீற்றர்தான்! அடித்தளத்தை ஒட்டிய ஈரச் சுற்றளவு ஏறக்குறைய 6.5 மீற்றர். பரப்பை அதனால் வகுத்தால் நீரியல் ஆரை 0.62 மீற்றர். பெட்டியாக எடுத்தால் இதே ஆரை 0.86 ஆகிவிடும். பரப்பும் கூடி ஆரையும் கூடுவதால், சாய்வும் கரடும் மாறாமலே தண்ணீர் இரண்டு மடங்குக்கு மேல் வந்துவிடும். உங்கள் 'காணாமல் போன பாதி' பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் கரட்டுக் குணகம், அதாவது வாய்க்காலின் அடியும் கரையும் தண்ணீரை எவ்வளவு தடுக்கின்றன என்பதைக் காட்டும் எண். துப்புரவான மண் வாய்க்காலுக்கு 0.025 அளவில் போடலாம், புல் மண்டியிருந்தால் 0.035 அல்லது அதற்கும் மேல். புல் வெட்டும் முன்னும் பின்னும் ஒரே எண்ணை வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

கரையில் ஒரு கொங்கிறீற் முளை நட்டு, நீர்மட்டத்தை அதிலிருந்து குறித்து வையுங்கள். மாரி வெள்ளம் வண்டலைக் கொட்டியோ அரித்தோ வாய்க்காலின் வடிவத்தை மாற்றிவிடும், ஆகவே பெரும்போகத்துக்குப் பிறகு அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். தனியாக இறங்காதீர்கள், கரையில் இன்னொருவர் நிற்கட்டும். அப்படி அளந்த பிறகும் தண்ணீர் குறைந்தால், கசிவையும் திருப்பலையும் மேலே உள்ளவர்களோடு சேர்ந்தே நடந்து பாருங்கள்.