பேசிக் கோர்ஸ் முடிச்சாச்சு, முதல் க்ராம்பானா எதை வாங்கறது?

உத்தரகாசில 28 நாள் மலையேற்ற பேசிக் கோர்ஸ் முடிச்சுட்டேன், வர்ற மே மாசம் ஹிமாச்சல்ல ஃப்ரெண்ட்ஷிப் பீக், அப்புறம் முடிஞ்சா லடாக்ல காங் யாட்சே 2, ரெண்டுக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரே ஒரு க்ராம்பான் (பனில, ஐஸ்ல வழுக்காம இருக்க பூட் அடியில மாட்டற உலோகப் பல்லு சட்டம்) வாங்கணும், எதை எடுக்கலாம்னு கேட்டிருக்கீங்க. நானும் இதே வழில வந்தவன்தான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல நேரடி பதில். ஸ்டீல்ல செஞ்ச 12 பாயிண்ட், அதாவது 12 பல்லு, முன்பல்லு ரெண்டும் படுக்கை வாட்டத்துல தட்டையா இருக்கற டைப், முன்பக்கம் ப்ளாஸ்டிக் கூடு பின்பக்கம் குதிகால்ல லிவர் வர்ற செமி ஆட்டோமேட்டிக், அடியில பனி ஒட்டாம இருக்க ஆன்டி பாலிங் ப்ளேட். இவ்வளவுதான். ஆனா இதுக்கு முன்னாடி உங்க பூட் எதுன்னு முடிவாகணும், அது முடிவாகாம க்ராம்பான் கடை பக்கமே போகாதீங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா எனக்கு நடந்தது அது. ஃப்ரெண்ட்ஷிப் பீக் 5289 மீட்டர், ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கு லேடி லெக் கேம்ப்ல இருந்து கிளம்பிடுவாங்க, நானும் வாடகைக்கு எடுத்த க்ராம்பானை இருட்டுல ஹெட் லாம்ப் வெளிச்சத்துல, கை விரல் மரத்துப் போய், எப்படியோ இழுத்துக் கட்டிட்டு கிளம்பினேன். அது எனக்கு முன்னாடி போட்டவரோட பூட் அளவுலயே இருந்திருக்கு, நானும் பாக்கல, கொடுத்தவங்களும் பாக்கல. அரைமணி நேரம் நல்லா போச்சு, அப்புறம் சரிவுல குறுக்க நடக்கும்போது வலது கால்ல முன்பக்கம் கழண்டு கணுக்கால் பட்டைல தொங்கிட்டு இருக்கு. ஐஸ் ஆக்ஸை (பனிக்கோடாலியை) ஆழமா இறக்கிட்டு, இன்னொரு கால்ல மட்டும் நின்னுக்கிட்டு, அதைத் திரும்ப மாட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னே தெரியல, அந்த பயம் இன்னும் என் உடம்புல இருக்கு. க்ராம்பான் நல்ல க்ராம்பான்தான், என் பூட்டும் நல்ல பூட்தான், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேரல, அவ்வளவுதான் விஷயம்.

அதனால பூட்டைப் பாருங்க. பூட் மூக்குலயும் குதிகால்லயும் ரெண்டு பக்கமும் வரப்பு மாதிரி ஒரு விளிம்பு இருந்தா, முன்னாடி கம்பி பின்னாடி லிவர் வர்ற முழு ஆட்டோமேட்டிக் போடலாம், அதுக்கு பூட் அடிப்பாகம் மடங்கவே கூடாது. குதிகால்ல மட்டும் விளிம்பு இருந்தா செமி ஆட்டோமேட்டிக். எதுவுமே இல்லாத சாதா ட்ரெக்கிங் பூட்டுன்னா முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் கூடு வச்சு பட்டையால கட்டற டைப் மட்டும்தான், அதுவும் ரொம்ப வளையற பூட்டுல கட்டினா நடக்க நடக்க லூசாகும், க்ராம்பானோட முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கற நடுக்கம்பியும் வளைஞ்சு வளைஞ்சு உடையலாம். பட்டை டைப் எந்த பூட்டுலயும் மாட்டும், அப்ப அதுதானே எல்லாத்துக்கும் ஒத்து வரும்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்விதான், கைல விதவிதமான பூட் இருக்கறவங்களுக்கு அதுதான் சரி. ஆனா நீங்க காங் யாட்சே 2ன்னு ஆறாயிரம் மீட்டர் பீக்கையும் சேர்த்து சொல்றீங்க, அதுக்கு எப்படியும் ரெண்டு பக்கமும் விளிம்பு இருக்கற கனமான பூட் வேணும், செமி ஆட்டோமேட்டிக் அதுலயும் மாட்டும், ஃப்ரெண்ட்ஷிப்புக்கு போடற கொஞ்சம் லைட்டான பூட்டுலயும் மாட்டும். சில மாடல்ல முன்பக்கத்துக்கு கம்பி, கூடு ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுக்கலாம், அது கிடைச்சா இன்னும் நல்லது.

10 பாயிண்ட் போதாதான்னா, க்ளேசியர்ல, அதாவது பனியாத்து மேல, நடக்க தாராளமா போதும், எடையும் கொஞ்சம் குறைவு. ஆனா சரிவு செங்குத்தாகும்போதுதான் வித்தியாசம் தெரியும். 1908ல ஆஸ்கர் எக்கென்ஸ்டைன்னு ஒரு இங்கிலாந்து எஞ்சினியர் வடிவமைச்சது 10 பாயிண்ட், முன்பல்லே கிடையாது. 1929ல இத்தாலில கூர்மாயோர்ல லோரோன் க்ரிவேல்தான் முன்பக்கம் நீட்டிட்டு இருக்கற ரெண்டு பல்லைச் சேர்த்து 12 ஆக்கினார். அதோட அருமை 1938 ஜூலைல சுவிட்சர்லாந்துல ஐகர் மலையோட வடக்கு முகத்துல தெரிஞ்சுது, முன்னாடி போன காஸ்பரெக் கைல இருந்தது 10 பாயிண்ட், கூட வந்த ஹாரர்கிட்ட க்ராம்பானே இல்ல, அதனால ஐஸ்ல படி வெட்டி வெட்டி ஏறிட்டு இருந்தாங்க, பின்னால கிளம்பின ஹெக்மையரும் ஃபோர்க்கும் 12 பாயிண்ட்ல மளமளன்னு ஏறி வந்து அவங்களைப் பிடிச்சுட்டாங்க. இப்ப வர்ற 10 பாயிண்ட்லயும் முன்பல்லு இருக்கு, அதனால அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடையாது, ஆனா காங் யாட்சேல கெட்டி ஐஸ் கிடைச்சா முன்பல்லுக்குப் பின்னால இருக்கற ரெண்டாவது வரிசை பல்லு கெண்டைக்கால் வலியைப் பாதியா குறைக்கும், என் அனுபவத்துல.

முன்பல்லு செங்குத்தா, கத்தி மாதிரி இருக்கறதைக் கடைக்காரர் காட்டினா வேண்டாம்னு சொல்லிடுங்க. அது உறைஞ்ச அருவி ஏறறவங்களுக்கு, பனில அது வெண்ணெயை அறுக்கற மாதிரி அறுத்துட்டு கீழ இறங்கும். படுக்கையா இருக்கற பல்லுதான் பனில பிடிச்சு நிக்கும்.

அலுமினியம் பாதி எடைதான், கைல எடுத்தா ஆசையாத்தான் இருக்கும். ஆனா காங் யாட்சேல மொரைன் கல்லுல (பனியாறு தள்ளிட்டு வந்து குவிச்ச கல்லுல), ஐஸும் கல்லும் கலந்த இடத்துல எல்லாம் க்ராம்பானோட நடக்க வேண்டி வரும், அலுமினியப் பல்லு சீக்கிரம் மழுங்கிடும், கெட்டி ஐஸ்லயும் நல்லா குத்தாது. முதல் ஜோடி ஸ்டீல்தான். பெட்ஸல் வசாக், க்ரிவேல் ஜி12, ப்ளாக் டைமண்ட் சேபர்டூத், இந்த மூணுமே நான் சொன்ன வகைதான், உங்க பூட்டுல எது சரியா உக்காருதோ அதை எடுங்க, மத்தபடி இதுல எது ஒசத்தின்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

ஆன்டி பாலிங் ப்ளேட் இல்லாம எடுக்கவே எடுக்காதீங்க. மே மாசம் ஃப்ரெண்ட்ஷிப்ல ஏறும்போது பனி கல்லு மாதிரி இருக்கும், பிரச்சனை இறங்கும்போதுதான், எட்டு ஒம்போது மணிக்கு வெயில் ஏறினதும் ஈரப்பனி அடியில உருண்டை உருண்டையா ஒட்டும், பல்லு வெளியவே தெரியாது, க்ராம்பான் போட்டும் போடாத மாதிரி வழுக்கும். ப்ளேட் இருந்தாலும் ஒட்டும், ரொம்ப கம்மியா ஒட்டும், அப்பப்ப ஆக்ஸ் கட்டையால பூட் பக்கவாட்டுல தட்டி விட்டுட்டே இறங்கணும்.

கடைக்கு பூட்டை எடுத்துட்டே போங்க. அளவு வச்சு மாட்டிட்டு, பட்டையைக் கட்டாம பூட்டைத் தலைகீழா தூக்கி நல்லா உதறுங்க, க்ராம்பான் விழவே கூடாது. முன்பல்லு பூட் மூக்குக்கு வெளிய ரெண்டு ரெண்டரை சென்டிமீட்டர் நீட்டிட்டு இருக்கணும். பெரிய பாதம்னா நீள நடுக்கம்பி தனியா வாங்க வேண்டி வரலாம், கேட்டுக்குங்க. வீட்டுக்கு வந்து தடிமனான கையுறை போட்டுக்கிட்டு, லைட்டை அணைச்சுட்டு, பத்து தடவை மாட்டிக் கழட்டிப் பாருங்க, பக்கிள் எப்பவும் வெளிப்பக்கம் வரணும், மிச்சப் பட்டை தொங்காம சொருகணும், ஏன்னா தொங்கற பட்டைல இன்னொரு கால் பல்லு மாட்டினா விழுந்துடுவீங்க. நடக்கும்போது காலைக் கொஞ்சம் அகட்டி வைக்கறதும் இதுக்குத்தான், கோர்ஸ்ல சொல்லிக் கொடுத்திருப்பாங்க. மலைல சமதரையிலயே மாட்டிடுங்க, சரிவுக்குப் போய் மாட்டலாம்னு தள்ளிப் போடாதீங்க, பத்து நிமிஷம் நடந்ததும் நின்னு ஒரு தடவை இறுக்கிக்குங்க.

கேதார்காந்தா மாதிரி குளிர்கால ட்ரெக்குல கொடுக்கற மைக்ரோஸ்பைக்கை (ஷூ மேல இழுத்து மாட்டற, சின்னப் பல்லு வச்ச சங்கிலியை) வச்சு ஃப்ரெண்ட்ஷிப் ஏறிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அது வேற சாமான், ட்ரெக் பாதைக்கு மட்டும்.

பல்லு மழுங்கினா கை அரத்தால மட்டும் தீட்டுங்க, க்ரைண்டர்ல வச்சா சூட்டுல ஸ்டீலோட பதம் போயிடும். வந்ததும் துடைச்சு காய வச்சு எடுத்து வைங்க. விமானத்துல செக் இன் பேக்ல தான் போகணும், பல்லு மேல உறை போட்டு நடுவுல வைங்க, இல்லன்னா டவுன் ஜாக்கெட்ல ஓட்டை விழுந்துடும்.