ஆமிஷ் நாவல் படிப்பது தப்பா?

அன்புள்ள மேடம்,

எனக்கு 47 வயது. பென்சில்வேனியாவில் இருக்கிறோம். இங்கே சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகம் உண்டு. அவர்களைப் பற்றிய காதல் நாவல்களாக நூலகத்தில் தேடி எடுத்துப் படிப்பேன். குதிரை வண்டி, பண்ணை வீடு, கடைசி அத்தியாயத்தில் ஒரே ஒரு முத்தம். "திரும்பவும் குதிரை வண்டிக் கதையா?" என்று கணவர் சிரிக்கிறார். மகளும் சேர்ந்துகொள்கிறாள். அவர் ராத்திரியெல்லாம் கிரிக்கெட் பார்த்தால் நான் ஏதாவது சொல்கிறேனா? விருந்தாளிகள் முன்னாலும் இதே கேலி. போன மாதம் மார்பில் ஒரு கட்டி என்று பயாப்ஸி எடுத்தார்கள் (பயப்பட ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, நானே கார் ஓட்டிப் போய் வந்தேன், வீட்டில் சொல்லவில்லை). அன்று சாயங்காலம் நாலு பக்கம் படிக்க உட்கார்ந்தால், அன்றைக்கும் அதே சிரிப்பு! படித்த பெண் இப்படிக் கதைகளில் மயங்கலாமா? இவர் வாயை எப்படி அடைப்பது?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

விருந்தாளிகள் முன்னால் கேலி செய்வது தவறு. அதை அவரிடம் நேராகவே சொல்லுங்கள். ஆனால் நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. முடிவு வரும்வரை அந்தப் பயத்தை ஒளித்து வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் போட்டிருக்கிறீர்கள்!

உங்களை இழுப்பது அந்த ஒரு முத்தம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அந்தக் கதைகளில் யாரும் தனியாக நோயில் கிடப்பதில்லை. நிஜத்திலும் ஆமிஷ் மக்களில் பலர் மருத்துவக் காப்பீடு எடுப்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவைச் சபையார் சேர்ந்து கட்டுகிறார்கள். களஞ்சியம் எரிந்தால் ஊரே திரண்டு கட்டிக்கொடுக்கிறது. அந்த வாழ்க்கைக்கு விலையும் உண்டு. இவ்வகை நாவல்களுக்குப் பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்த பெவர்லி லூயிஸின் 1997 நாவலே, சபை ஒதுக்கிவைத்த ஒரு பெண்ணின் கதைதானே? ஆனாலும் அங்கே உதவி வருவது, கஷ்டம் வெளியே தெரிவதால்தான்.

நீங்கள் யாருக்கும் தெரியவிடவில்லை. அன்று சாயங்காலம் சிரித்தவருக்கு உங்கள் உடம்பில் என்ன நடந்தது என்றே தெரியாது. அந்தச் சிரிப்பை அவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை, சகோதரி. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது உங்களுக்கு நல்ல குணமாகத் தோன்றலாம். எனக்கு அது, அவர்மேல் உங்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

நாவல்களைத் தாராளமாகப் படியுங்கள். ஆனால் பயாப்ஸி விஷயத்தை இன்று ராத்திரியே அவரிடம் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனைக்கு அவர் கார் ஓட்டட்டும். "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று நிச்சயம் கேட்பார், கோபமாகக்கூடக் கேட்கலாம். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.