குளுக்கோஸ் மட்டும் ஏற்றினார்கள், நரம்பு பாதித்தது: இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: என் மனைவிக்குக் கர்ப்பத்தின் 11-வது வாரத்தில் விடாத வாந்தி. தனியார் மருத்துவமனையில் 16 நாட்கள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிறகு கண் ஆடியது, நடை தள்ளாடியது. வேறு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. பார்த்து, வைட்டமின் பி1 குறைவால் வந்த 'வெர்னிக்கி' என்னும் மூளை பாதிப்பு என்றார்கள். ஊசி போட்டதும் கண் சரியானது. நடையும் ஞாபகமும் தேறவில்லை. 14 மாதங்கள் ஆகின்றன. 'கர்ப்ப வாந்தியில் இப்படி ஆகும்' என்று முதல் மருத்துவமனை கைவிரிக்கிறது. வழக்கு போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் பாதிப்பு வந்ததே அலட்சியத்துக்குச் சாட்சி ஆகிவிடாது. அந்த நிலையில் தகுதியுள்ள ஒரு மருத்துவர் செய்திருக்க வேண்டியதை இவர்கள் செய்யவில்லை, அதனால்தான் பாதிப்பு வந்தது என்று காட்ட வேண்டும்.

உடலில் பி1 (தயமின்) இருப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். குளுக்கோஸைச் செரிக்கவும் அதுவே செலவாகிறது. அதனால்தான் நீண்ட வாந்தியில், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் கொடுக்க வேண்டும் என்கிறது மகப்பேறு மருத்துவம். உங்கள் வழக்கின் உயிர், முதல் தயமின் ஊசி எந்தத் தேதியில் போடப்பட்டது என்பதில் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் சம்மரியை நம்பி இறங்காதீர்கள். முழு கேஸ் ஷீட், நர்ஸ்களின் மருந்து சார்ட், ட்ரிப் சார்ட் ஆகியவற்றின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதே விதிகள் மூன்று ஆண்டுகள்தான் ஆவணங்களைப் பாதுகாக்கச் சொல்கின்றன, தள்ளிப்போடாதீர்கள். பார்மசி பில்களையும் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். சார்ட்டில் பிறகு எழுதிச் சேர்த்தாலும், போடாத ஆம்பியூலுக்குப் பில் இருக்காது. 'வைட்டமின் போட்டோமே' என்பார்கள். அது வெறும் பி12 ஊசியா, பி1 எத்தனை மில்லிகிராம் என்று சரிபாருங்கள்.

அடுத்து, இரண்டாவது மருத்துவமனையின் நரம்பியல் நிபுணரிடம் எழுத்து மூலம் கருத்து வாங்குங்கள். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த மாற்றம், தயமின் ஊசிக்கு முன் ரத்தத்தில் இருந்த பி1 அளவு (பரிசோதனை எடுத்திருந்தால்), ஊசிக்குப் பின் கண் எத்தனை நாளில் சரியானது, இவை மூன்றும் அதில் வரட்டும். கண் அப்படித் தேறியது காரணத்தை நிறுவ நல்ல சான்று. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். இந்த வழக்கை அதை நம்பி நடத்த வேண்டாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-ன்படி புகார் தாக்கல் செய்யக் கெடு இரண்டு ஆண்டுகள். உங்களுக்குப் பத்து மாதங்கள் மீதி. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நீளாது. பதிலுக்கு 15 நாட்கள் பார்த்துவிட்டுப் புகாரைத் தாக்கல் செய்துவிடுங்கள். செலுத்திய சிகிச்சைக் கட்டணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; கேட்கும் இழப்பீட்டை வைத்து அது முடிவாவதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். மனைவியை முதல் புகார்தாரராகவும், பணம் கட்டிய உங்களை இரண்டாவதாகவும் காட்டுங்கள்.

போலீஸ் புகாரை இப்போது நான் பரிந்துரைக்க மாட்டேன். உச்ச நீதிமன்றத்தின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி (2005) குற்ற வழக்குக்குக் கடுமையான அலட்சியம் தேவை. உங்கள் பத்து மாதமும் அதிலேயே கரைந்துவிடும்.

இழப்பீட்டுக் கணக்கில் பிசியோதெரபி, உதவியாளர் சம்பளம், இனி வரும் செலவு ஆகியவற்றோடு வீட்டில் அவர் செய்துவந்த வேலையின் மதிப்பையும் சேருங்கள். ஞாபக இழப்பு எம்.ஆர்.ஐ.யில் அளவாகத் தெரியாது. நினைவாற்றல் பரிசோதனை அறிக்கையும் மாற்றுத்திறன் சான்றிதழும் இல்லாவிட்டால் அந்தத் தொகை குறையும். இரண்டையும் புகாருக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.