நிலாவுக்கு ஒரு வாரம் லீவு

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். உவமையணி, உருவக அணி இரண்டுக்கும் இலக்கணம் கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். சொந்தமாக ஒரு உவமை எழுதச் சொன்னால் எல்லா நோட்டிலும் ‘நிலவு போன்ற முகம்’தான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நிலா, மலர், தேன் மூன்றுக்கும் ஒரு வாரம் லீவு விட்டுவிடுங்கள் டீச்சர். நானும் இலக்கணத்தை முதலில் சொல்லிக்கொடுத்து ஏமாந்தவன்தான். ‘போல’ வந்தால் உவமை என்று சொல்லிவைத்தேன், ஒரு பையன் ‘மழை வரும் போல இருக்கிறது’ என்பதையும் அடிக்கோடிட்டு உவமையணி என்று எழுதிவிட்டான். தப்பு அவன் மேல் இல்லை. அங்கே ‘போல’ வெறும் ஊகம் என்று நான் சொல்லவே இல்லையே.

அதற்கப்புறம் நான் பிடித்துக்கொண்டது ஒரே கேள்வி: எதில் ஒக்கும்? உவமை தோன்றும் இடங்களைத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என்று நான்காகச் சொல்கிறார். அதாவது செயல், பயன், வடிவம், நிறம். இந்த நாலையும் பலகை ஓரத்தில் எழுதி அழிக்காமல் வைத்திருப்பேன். ஒரு பிள்ளை ‘எங்க அப்பத்தா விரல் முருங்கைக்காய் மாதிரி இருக்கும்’ என்று எழுதியிருந்தாள், வகுப்பே சிரித்தது. எதில் ஒக்கும், நீளத்திலா என்றேன். “இல்ல சார், முண்டு முண்டா இருக்கும், நடுவுல ஒட்டிப்போயிருக்கும்” என்று தன் விரலை மடக்கிக் காட்டினாள். அதையே எழுதச் சொன்னேன்: ‘காய்ந்த முருங்கைக்காய் போல முண்டும் ஒடுக்குமாக அப்பத்தாவின் விரல்கள்.’ யாரும் சிரிக்கவில்லை.

உருவகத்துக்கு ஒத்தக்கடை யானைமலையே போதும். யானை படுத்திருப்பது போல ஒரு மலை என்றால் உவமை. ‘போல’ மறைந்து யானைமலை என்று நின்றால் உவமைத்தொகை. மலையையே யானையாக்கி, மலையாகிய யானை என்றால் உருவகம், மலர் போன்ற அடியான ‘மலரடி’, அடியாகிய மலர் என்று ‘அடிமலர்’ ஆகிற அதே கதைதான். (திருப்பிப் போட்டு ‘மலையானை’ என்று எழுதினால் காட்டு யானை என்பார்கள், அதுவும் சரிதான்.) பிறகு அந்த யானை எழுந்து நடந்தால் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டு நாலு வரி எழுதச் சொல்லுங்கள். நரசிங்கம் பக்கமா, மேலூர் ரோட்டிலா என்று சண்டையே வரும். ஒற்றுப்பிழையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், அன்றைக்குச் சிவப்புப் பேனாவை மட்டும் எடுக்காதீர்கள்.