மாலிக்யுலர் பயாலஜி மேற்படிப்பு: மதுரை வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு. பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ் குரூப், கணிதம் படிக்கவில்லை. ஜாம், காட்-பி எழுதலாமா? (உசிலம்பட்டி)

எழுதலாம். ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான நுழைவுத் தேர்வு ஜாம். அதில் உங்களுக்கான தாள் பயோடெக்னாலஜி. 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு மட்டும்தான் மைனஸ் மார்க். பல விடைகள் சரியாக இருக்கக்கூடிய கேள்விகளுக்கும், எண்ணை டைப் செய்யும் கேள்விகளுக்கும் மைனஸ் கிடையாது. அவற்றில் எதையும் காலியாக விடாதீர்கள்.

காட்-பி என்பது மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவு பெறும் முதுநிலைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு. அதில் மொத்தம் 240 மதிப்பெண். முதல் பகுதியின் 60 கேள்விகளும் கட்டாயம். பிளஸ் டூ அளவிலான இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். கேள்விக்கு ஒரு மதிப்பெண். இரண்டாம் பகுதியில் 100 கேள்விகளில் 60-க்கு விடையளித்தால் போதும், ஆனால் கேள்விக்கு மூன்று மதிப்பெண். ஆக, நீங்கள் பயப்படும் கணிதம் அந்த முதல் 60 மதிப்பெண்ணுக்குள் ஒரு பங்குதான். 180 மதிப்பெண் உங்கள் பாடத்தில் இருக்கிறது.

அதற்காகக் கணக்கை அடியோடு விட்டுவிடவும் முடியாது. மடக்கை, நிகழ்தகவு, எளிய வகையிடல் மூன்றையும் பிளஸ் டூ பாடநூலிலிருந்தே போட்டுப் பழகுங்கள். 1,000 பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால் 10 லட்சமாக எவ்வளவு நேரம் ஆகும்? ஆயிரம் மடங்கு என்றால் ஏறத்தாழ பத்து இரட்டிப்பு, 200 நிமிடம். இது மனக்கணக்காக வந்துவிட்டால் தேர்வில் நேரம் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை. தேர்வு எழுதத் தடையில்லை என்பதால் எல்லா இடத்திலும் சீட் கிடைத்துவிடாது. பிளஸ் டூவில் கணிதம் வேண்டும் என்று கேட்கும் படிப்புகளும் உண்டு. சாய்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தந்த நிறுவனத்தின் தகுதி விதியைப் படித்துவிடுங்கள்.

என் மகளுக்கு எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, மாலிக்யுலர் பயாலஜி மூன்றிலும் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. எந்தப் பெயர் நல்லது? (மதுரை, அண்ணா நகர்)

ஆராய்ச்சிக்குப் போவதாக இருந்தால் பெயர் ஒரு பொருட்டே இல்லை, ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் மூன்றுக்கும் ஒரே லைஃப் சயின்சஸ் தாள்தான். தமிழ்நாட்டில் அரசு ஆசிரியர் வேலை மனதில் இருந்தால் கதை வேறு. டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) பாடவாரியாக ஆள் எடுக்கிறது. புதுப்பெயர் கொண்ட பட்டத்துக்கு ஈக்விவலன்ஸ் ஜி.ஓ. (அது வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் அரசாணை) இல்லையென்றால் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வார்கள். சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் அந்த ஜி.ஓ. நகலைக் கேளுங்கள். "வந்துடும் சார்" என்ற பதிலை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அடுத்து, நான்காம் செமஸ்டர் முழுவதும் ப்ராஜெக்டா என்று கேளுங்கள். கையில் பைப்பெட் பிடிக்காமலே முடிகிற எம்.எஸ்சி.யும் இருக்கிறது. காமராசர் பல்கலைக்கழகத்தில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவுடன் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி 1980-களிலேயே தொடங்கியது. வீட்டிலிருந்தே போய் வரக்கூடிய தூரம் என்பதால் அதைக் குறைவாக எடை போடாதீர்கள்.

பிஎச்.டி.க்கு ஒரு லேப் சரியானதா என்று சேர்வதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது? (திருமங்கலம்)

நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஒரு கைடின் கீழ்தான் பதிவு. பிடிக்கவில்லை என்று நடுவில் மாறுவது பெரும்பாடு. அதனால் முன்கூட்டியே துருவிப் பார்க்க வேண்டும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் கைடின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பதிவு செய்த ஆண்டும் முடித்த ஆண்டும் இருந்தால் கழித்துப் பாருங்கள். எல்லாமே ஆறேழு ஆண்டு என்றால் காரணம் கேட்க வேண்டும். பிறகு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அவருடைய கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளைப் பாருங்கள். முதல் ஆசிரியர் இடத்தில் மாணவர் பெயர் இருக்கிறதா? அந்த மாணவர் இப்போது எங்கே இருக்கிறார்?

ஓய்வுபெறும் ஆண்டையும் கூச்சப்படாமல் கேளுங்கள். யு.ஜி.சி. 2022 விதிப்படி, ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாகச் சர்வீஸ் மீதமுள்ளவர் புது மாணவரைச் சேர்க்கக் கூடாது. ஒரே நேரத்தில் ஒரு பேராசிரியரிடம் 8 மாணவர், இணைப் பேராசிரியரிடம் 6, உதவிப் பேராசிரியரிடம் 4 என்பதுதான் உச்சவரம்பு.

நேரில் போனால் கைடைவிட இரண்டாமாண்டு மாணவரிடம் அதிக நேரம் பேசுங்கள். செல் கல்ச்சர் (செல்களை ஃபிளாஸ்க்கில் வளர்ப்பது) செய்யும் லேப் என்றால் ஒரே கேள்வி போதும்: "மைக்கோபிளாஸ்மா டெஸ்ட் கடைசியாக எப்போது செய்தீர்கள்?" மைக்கோபிளாஸ்மா என்பது செல் கல்ச்சரில் புகுந்துவிடும் மிகச் சிறிய பாக்டீரியா. அதற்குச் செல் சுவர் கிடையாது, பெனிசிலின் ஒன்றும் செய்யாது, 0.22 மைக்ரான் ஃபில்டரிலும் நுழைந்துவிடும்; மீடியமும் கலங்காது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் ஃபிளாஸ்க்கில் செல்லின் வளர்ச்சியும் ஜீன் வெளிப்பாடும் மாறியிருக்கும், இரண்டாண்டு டேட்டா வீணாகும். பி.சி.ஆர். சோதனையிலோ, டி.என்.ஏ.வை ஒளிரவைக்கும் ஹோக்ஸ்ட் சாயத்திலோ அவ்வப்போது பார்க்கிறோம் என்றால் நல்ல லேப். "எங்க லேபில் அதெல்லாம் வராது" என்றால் யோசியுங்கள். மைனஸ் 80 ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் லைன் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள். கோடையில் கரண்ட் போனால் முதலில் பாழாவது அதிலுள்ள ஆர்.என்.ஏ. சாம்பிள்கள்தான்.

ஃபெல்லோஷிப் இல்லாமல் பிஎச்.டி. சேரலாமா? (மேலூர்)

இந்தத் துறையில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை என்றால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆண்டுக்கு 20,000 ரூபாய் செலவுத்தொகையும் உண்டு, ஆனால் ஒரு ஆன்டிபாடி வாங்கினாலே அது தீர்ந்துவிடும். ஆகவே கைடிடம் நடப்பு ப்ராஜெக்ட் நிதி இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். நெட் வரும்வரை ப்ராஜெக்ட் வேலையில் சேர்ந்து கை பழகிக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு ஜி.ஆர்.இ. கட்டாயமா? (விருதுநகர்)

வெளிநாட்டு மேற்படிப்புக்கான இந்தத் தகுதித் தேர்வைப் பல மாலிக்யுலர் பயாலஜி துறைகள் கைவிட்டுவிட்டன. செல், மாலிக்யுலர் பயாலஜிக்கென்றே இருந்த சப்ஜெக்ட் தேர்வும் இப்போது இல்லை. மூன்று பரிந்துரைக் கடிதங்களுக்கு எடை அதிகம். ஆசிரியரே தன் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து நேரடியாக ஏற்ற வேண்டும். ஜிமெயில் முகவரி சந்தேகத்தைக் கிளப்பும். "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றும் ஒரே நடையில் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் பல இடங்களில் கடைசி நாள் வந்துவிடும், செப்டம்பரிலேயே கேட்டு வையுங்கள். அங்கே முதலாண்டில் பெரும்பாலும் மூன்று லேப்களில் சில வாரங்கள் வேலை செய்து பார்த்த பிறகே கைடைத் தேர்ந்தெடுக்கலாம். அதனால் துறையில் உங்களுக்குப் பிடித்த லேப் ஒன்றே ஒன்று இருந்தால் விண்ணப்பிக்காதீர்கள், குறைந்தது மூன்று இருக்க வேண்டும்.

எம்.ஃபில். முடித்துவிட்டுப் பிஎச்.டி.க்குப் போகலாமா? (வாடிப்பட்டி)

மேலே சொன்ன யு.ஜி.சி. 2022 விதிகளோடு எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது. முன்பே வாங்கியவர்களின் பட்டம் செல்லும். உயிரியலில் இன்னும் அட்மிஷன் நடக்கிறது என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்.